‘சேவ்’ பொத்தான் எங்கே இருக்கிறது, தம்பி?

திருகோணமலைக்கு வரும் கப்பல்களில் ஏறி பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், உள்ள கருவிகளைச் சோதிப்பது என் தொழில். கோதுமைக் கப்பலோ, சீமெந்துக்கான கிளிங்கர் ஏற்றிவரும் கப்பலோ, சீனக்குடாவுக்கு எண்ணெய் கொண்டுவரும் டாங்கரோ, மேல்தளத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி பூட்டியிருக்கும். பயணத் தரவுப் பதிவுக் கருவி அது, எங்கள் வாயில் விடிஆர். 2002 யூலை 1இலிருந்து கட்டப்பட்ட, 3000 கிரொஸ் டன்னேஜும் (கப்பலின் மொத்தக் கொள்ளளவுக் கணக்கு) அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கு இது கட்டாயம். நம்மூர் நெடுநாள் மீன்பிடிப் படகுகளுக்குக் கிடையாது.

கப்பல் நின்ற இடம், வேகம், திசை, ரேடார் திரை, சுக்கானுக்குக் கொடுத்த கட்டளை, அலாரங்கள் எல்லாம் அதில் ஏறும். பிரிட்ஜில் பேசுகிற பேச்சும் ஏறும். என்னைக் கேட்டால் இந்தப் பேச்சுத்தான் பெரிய விசயம். கப்பல் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை எண்கள் சொல்லிவிடும். ஏன் திரும்பியது என்பது ஆட்கள் பேசியதில்தான் இருக்கும்.

2015 ஒக்டோபர் 1 அன்று எல் ஃபாரோ என்ற அமெரிக்கக் கப்பல் பஹாமாஸ் அருகே சூறாவளியில் மூழ்கியது. 33 பேரில் ஒருவரும் தப்பவில்லை. ஏறக்குறைய 4,600 மீற்றர் ஆழத்தில் கிடந்த பெட்டியை அடுத்த ஆண்டு ஓகஸ்டில்தான் எடுத்தார்கள். 26 மணிநேரப் பேச்சு அதில் இருந்தது. இரவு வாட்ச்சில், அதாவது காவல் முறையில், நின்ற இளைய அதிகாரிகள், புயலுக்குப் பக்கத்தில் போகிறோம், பாதையை மாற்றலாம் என்று கப்டனுக்குத் தொலைபேசியில் சொன்னது அதனால்தான் வெளியே வந்தது. பெட்டி கிடைக்காமல் போயிருந்தால் அவர்கள் வாய் திறந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘எங்களை மாட்டிவிடுகிற பெட்டி’ என்று நம் பொடியன்கள் பலர் நினைக்கிறார்கள். சர்வதேச விபத்து விசாரணை விதிக்கோவையின் நோக்கம் குற்றம் சுமத்துவதல்ல, இனி நடக்காமல் பார்ப்பது. வழக்கு வேறு பாதையில் வரலாம், அது உண்மைதான். அப்போதும், சரியாகச் சொன்ன இளையவருக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆனால் சாட்சிக்குக் காது கேட்க வேண்டுமே! வருடாந்தச் சோதனையில் ஒவ்வொரு மைக்கின் கீழும் நின்று பேசிவிட்டுப் பதிவைப் போட்டுக் கேட்பேன். ஒரு கப்பலில் சார்ட் (கடல் வரைபட) மேசைக்கு மேலிருந்த மைக்கில் ஏசி இரைச்சல் மட்டும்தான் வந்தது. ஏணி வைத்துப் பார்த்தால், கூரைக்குப் பெயின்ற் அடித்தவர் மைக்கின் ஓட்டைகளையும் சேர்த்து அடித்திருக்கிறார். பனலில் ஒரு அலாரமும் இல்லை. கருவியைப் பொறுத்தவரை எல்லாம் சரி!

அடுத்தது அழிந்துபோகும் ஆபத்து. பழைய கருவிகளில் கடைசி 12 மணிநேரம்தான் நிற்கும், அதற்கு மேல் புதியது பழையதை அழித்துவிடும். தரைதட்டி, இழுவைப் படகு வந்து, ஏஜென்டுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் 12 மணிநேரம் ஓடிவிடும். 2014 யூலைக்குப் பிறகு பொருத்தியவற்றில் பெட்டிக்குள் 48 மணிநேரமும் கப்பலுக்குள் இருக்கும் தனி நினைவகத்தில் 30 நாளும் நிற்கும். அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

மின்சாரம் முழுதும் போனாலும் பற்றரியில் பிரிட்ஜ் பேச்சு 2 மணிநேரம் பதிவாகும். 2024 மார்ச்சில் கொழும்புக்குப் புறப்பட்ட டாலி கப்பல் பால்டிமோர் பாலத்தில் மோதுவதற்கு முன் மின்சாரம் போனபோது, மற்றத் தரவுகள் சிறிது நேரம் நின்றுபோயின. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அதனால் புதுக் கப்பலில் ஏறிய அன்றே, பதிவை அழியாமல் காக்கும் ‘சேவ்’ பொத்தான் எங்கே என்று கேளுங்கள். கருவிக்குக் கருவி அது மாறும், கையேட்டில் இருக்கும். ஏதும் நடந்தால், ஆட்களின் உயிரைப் பார்த்த பிறகு, கப்டனிடம் நினைவுபடுத்தி அழுத்தச் செய்யுங்கள். அழுத்திய நேரத்தை லொக் புத்தகத்தில் எழுதுங்கள். தரவு கப்பல் உரிமையாளருடையது, விசாரணை அதிகாரி கேட்டால் கொடுக்க வேண்டும். வட்ஸ்அப் குழுவில் போட அல்ல.