கட்டுப்பாட்டு மையமா, பிடியா?

தருமபுரியில் போன வாரம் ஆசிரியர் பயிற்சி. "இந்த மாணவரின் கட்டுப்பாட்டு மையம் வெளியே இருக்கிறது" என்றார் பயிற்றுநர். "அது எங்க சார் இருக்கு, கலெக்டர் ஆபீஸ்லயா?" என்று பக்கத்தில் இருந்த டீச்சர் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. மழை வெள்ளத்துக்கு அங்கேதானே கட்டுப்பாட்டு அறை திறக்கிறார்கள்?

மூலச்சொல் லோகஸ் ஆஃப் கண்ட்ரோல். லோகஸ் என்றால் லத்தீனில் இடம். அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் இதை அளக்க 29 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். நமக்குக் கிடைத்தது நம் செயலால் வந்ததா, வெளியிலிருந்து வந்ததா, நாம் எதை நம்புகிறோம் என்பதே விஷயம்.

தமிழில் கட்டுப்பாடு என்றால் அடக்கி வைப்பது. ஊர்க்கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் அப்படித்தான். விளைவு யார் கையில் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. மையமும் பொருந்தாது, லோகஸ் நடுப்புள்ளி அல்ல. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, வாய்விட்டு ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்காத மொழிபெயர்ப்பு இது.

அதைவிட மோசம், வெளியிலிருந்து வந்தது என்று நம்புவதை 'விதி நம்பிக்கை' என்று எழுதுவது. ராட்டரே அதிர்ஷ்டம், விதியோடு அதிகாரம் உள்ள பிறரையும் சேர்த்துத்தான் சொன்னார். கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர் "பெங்களூரா மாங்கா வெலை நம்ம கையில இல்லீங்க" என்றால் அது விதியா? மாங்கூழ் ஆலை வைக்கிற விலை. அவர் பார்த்ததைச் சொல்கிறார். அதைக் 'கிராமத்து மூடநம்பிக்கை' என்று பயிற்சித்தாளில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

பண்பாட்டையும் பார்க்க வேண்டும். 1984-இல் உளவியலாளர் வைஸும் வேறு இருவரும் அமெரிக்கரையும் ஜப்பானியரையும் ஒப்பிட்டு, நிலைமையைத் தனக்கு ஏற்ப மாற்றுவது ஒரு வழி, நிலைமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வது இன்னொரு வழி என்றார்கள். முதலாவதை அமெரிக்காவும் இரண்டாவதை ஜப்பானும் கூடுதலாக மதிப்பதாகச் சொன்னார்கள். நம் மானாவாரிக்காரர் மழை பிந்தினால் கேழ்வரகை விட்டுக் கொள்ளு விதைக்கிறார். மழை அவர் பிடியில் இல்லை, விதை இருக்கிறது. குறளிலும் ஊழுக்கு ஓர் அதிகாரம், ஆள்வினை என்ற முயற்சிக்கு ஓர் அதிகாரம் உண்டே.

எனவே பிடி என்பேன். "பிடி நம்ம கையில இல்ல" என்று நாம் பேசுவதுதான். அகப்பிடி, புறப்பிடி. அப்புறம் விளக்கமே வேண்டாம்.

பயிற்சித்தாளின் ஓரத்தில் இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். அச்சடித்தாயிற்று, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.