தடுப்பூசித் தயக்கம்: சொல் விளக்கம்

தடுப்பூசி எளிதில் கிடைக்கும் நிலையிலும் அதை ஏற்பதில் காலம் தாழ்த்துவதையோ அடியோடு மறுப்பதையோ ஆங்கிலத்தில் ‘வேக்சின் ஹெசிட்டன்சி’ என்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு இப்பொருளை 2014ஆம் ஆண்டு வரையறுத்தது. 2019இல் அந்நிறுவனம் உலக மக்களின் நலவாழ்வை அச்சுறுத்தும் பத்துச் சிக்கல்களுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டது.

‘வேக்சின்’ என்பது பசுவைக் குறிக்கும் ‘வாக்கா’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பசு அம்மையின் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை 1796இல் ஒரு சிறுவனின் உடலில் செலுத்திய எட்வர்டு ஜென்னர், அது பெரியம்மையைத் தடுப்பதைக் கண்டார். அவரைப் போற்றும் வகையில், பிற நோய்களுக்கான தடுப்பு மருந்துகளையும் இப்பெயராலேயே வழங்கலாம் என 1881இல் லூயி பாஸ்டர் முன்மொழிந்தார். முன்பு தமிழில் ‘அம்மை குத்துதல்’ என்று வழங்கியது. இன்று ‘தடுப்பூசி’ என்ற சொல் நிலைத்துவிட்டது. போலியோ சொட்டு மருந்து போல வாய்வழி தருவனவும் உண்டாதலால் ‘தடுப்பு மருந்து’ என்பதே முழுப்பொருள் தரும் என்றாலும், மக்கள் நாவில் பதிந்த சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

‘ஹெசிட்டன்சி’யின் லத்தீன் வேருக்கு ஒட்டிக்கொண்டு நிற்றல் என்பது பொருள். தமிழ் வினையாகிய ‘தயங்கு’ என்பதற்கோ அசைதல் என்ற பழம்பொருள் உண்டு. அசையும் அலையைப் பழைய செய்யுள்கள் ‘தயங்கு திரை’ என்கின்றன. இரு பக்கமும் அலைகிற மனத்தைச் சுட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் இத்தொடரை, தடுப்பூசி போட்டுக்கொள்வது குறித்து மனம் முரண்படும் அல்லது எதிர்க்கும் நிலை என்று வரையறுத்தது. இதன்படி, மருத்துவமனை தொலைவில் இருப்பதால் ஊசி தவறிய குழந்தையின் தாயைத் தயங்குபவர் என்பது பிழை.

ஆகவே ‘தடுப்பூசித் தயக்கம்’ என வல்லினம் மிகுத்து எழுதுவதே தக்க தமிழாக்கம். சிலர் எழுதும் ‘தடுப்பூசி எதிர்ப்பு’ உறுதியான மறுப்பை மட்டுமே குறிக்கும் என்பதோடு, ஐயத்துடன் கேள்வி கேட்கும் பெற்றோரை எதிரணியில் நிறுத்தியும் விடுகிறது. ‘தடுப்பூசி அச்சம்’ என்பதும் போதாது. நோயைக் கண்ணால் கண்டிராததால் வரும் மெத்தனமும் தயக்கத்துக்குக் காரணமாகிறதன்றோ?

புதிய பெற்றோரின் கேள்விகள் பெரும்பாலும் நியாயமானவை. அவற்றுக்குத் தெளிவான விடைகளும் உள்ளன. ‘இத்தனை சின்ன உடம்புக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம்?’ என்று கேட்டால், கக்குவான் இருமல் பிறந்த சில மாதங்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது என்பதை விளக்க வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசி பிந்தி வருவதற்கும் காரணம் உண்டு: தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்பொருள்கள் குறைந்த பின்னரே அது நன்கு பயன் தரும். தடுப்பூசியால் ஆட்டிசம் வரலாம் என்ற அச்சத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றது. பின்னர் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை. ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலோ வீக்கமோ வரலாம் என்பதையும், கடுமையான ஒவ்வாமை மிக அரிதாக நேரலாம் என்பதையும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்தால், முதல் காய்ச்சலிலேயே நம்பிக்கை போய்விடும்.

கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசியின் முதல் தவணையைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தருவது பரிந்துரை என்பதால், இவ்வுரையாடலைக் கருவுற்ற காலத்திலேயே தொடங்க வேண்டும்.