ஷெட்டில் நிற்கும் பழைய காருக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்

சேலத்தில் வாகன மதிப்பீட்டாளராக இருக்கிறேன். விபத்தில் சிக்கிய வண்டி, வங்கிக் கடனுக்கு வரும் வண்டி என்று ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் இப்படி ஒரு போன் வரும்: “சார், ஏற்காட்டுல தாத்தா காலத்து கார் ஒண்ணு ஷெட்ல நிக்குது. விக்கலாம்னு இருக்கோம். டிங்கரிங், பெயின்டிங் முடிச்சுட்டுக் கூப்பிடறோம், வந்து ரேட் சொல்லுங்க.” தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தூசியோடு அப்படியே காட்டுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காரை விவரம் தெரிந்து வாங்குபவர் பளபளப்புக்குப் பணம் கொடுப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த அதே வண்டிதானா, என்னென்ன சாமான் குறைகிறது, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். புதுப் பெயின்ட் முதல் இரண்டையும் மூடிவிடும். உள்ளே என்ன இருக்கிறதோ என்ற சந்தேகத்தோடு கேட்பவர் குறைத்துத்தான் கேட்பார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கார் ஆர்வலர்களிடையே புழங்கும் பிரிட்டிஷ் வழக்கப்படி 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவைதான் விண்டேஜ். நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்த்த பிரிவோ, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியையெல்லாம் விண்டேஜ் என்கிறது. அந்தக் கணக்கில் 1974-ல் பதிவான அம்பாசடரும் விண்டேஜ்தான். “விண்டேஜ் சர்ட்டிபிகேட் இருக்கு, அதனால இந்த விலை” என்று புரோக்கர் சொன்னால், எந்த ஆண்டு செய்த வண்டி என்று கேளுங்கள்.

நம் பக்கம் கண்ணில் படுபவை ஆஸ்டின் செவன், மோரிஸ் எய்ட், ஃபோர்டு, செவர்லே போன்றவை. அமெரிக்க வண்டிகள் இருப்பதில் வியப்பில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் பாகங்களை இணைத்துக் கார்களாக்கி விற்கத் தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்துப் பல கார்களின் பாடி முழு இரும்பு அல்ல. ஆஷ் மரச் சட்டத்தின் மேல் தகடு அடித்திருப்பார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மாதக்கணக்கில் மூடுபனியும் மழையும். ஷெட் ஒழுகாவிட்டாலும் ஈரம் மரத்தில் ஏறும், ஆணி அடித்த இடத்திலிருந்து உளுக்கத் தொடங்கும். கீழே சேலத்தில் துரு குறைவு. ஆனால் ரப்பர் ஹோஸெல்லாம் வெயிலில் வெடித்துப்போகும், கரையான் வேறு. மரத்தைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். கீல் மட்டும் ஆடினால் சிறிய வேலை. கீலோடு அதைத் தாங்கும் கதவுத் தூணும் சேர்ந்து அசைந்தால் உள்ளே மரம் போய்விட்டது. அப்புறம் மிதியடியை எடுத்து, கதவுக்குக் கீழ் ஓடும் சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மட்கார்டில் சிறிய காந்தத்தை வைத்து நகர்த்துங்கள். எங்கே பிடிக்காமல் வழுக்குகிறதோ அங்கே பள்ளத்தை மூடப் பூசிய பட்டி தடித்திருக்கிறது. அலுமினியப் பாடியில் காந்தம் எங்குமே பிடிக்காது, அதைப் பட்டி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஷ் மரம் இங்கே கிடைக்காமல் யாரோ தேக்கில் செய்து மாட்டியிருந்தால், நான் அதைப் பெரிய குறையாக எழுதுவதில்லை. பழைய அளவில் ஒழுங்காகச் செய்திருந்தால் போதும்.

எண்களில் அவசரப்படக் கூடாது. ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை வந்தது. கடைசி ஆண்டுகள் தவிர அதற்குச் சேஸியில், அதாவது அடிச்சட்டத்தில், எண்ணே கிடையாது, இன்ஜின் எண்தான் வண்டியின் எண். சேஸி எண் இல்லை என்பதற்காகத் திருட்டு வண்டி என்று பயப்பட வேண்டாம். ஆர்.சி.க்குப் பொருந்தட்டும் என்று லேத்தில் புதிதாக எண் அடிக்கவே கூடாது, அது குற்றம். அடுத்து வந்த மாடல் ஏ-யில் இன்ஜினில் உள்ள எண்ணே இடப்பக்கச் சேஸி சட்டத்தின் மேலும் இருக்கும். பாடிக்கு அடியில் மறைந்திருப்பதால் அதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. (மாடல் டி-யில் பெட்ரோல் பம்ப் கிடையாது. பல வண்டிகளில் டேங்க் சீட்டுக்கு அடியில். பெட்ரோல் குறைவாக இருந்தால் செங்குத்தான மேட்டில் கார்புரேட்டருக்கு வராது, அதனால் ரிவர்ஸில் ஏறுவார்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படி ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.)

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது இரண்டு வேலைகள். உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் போட்டது ஒன்று. அதையாவது அன்றைய கஷ்டம் என்று புரிந்துகொள்ளலாம். இன்னொன்று, திறந்த கார் அதிக விலைக்குப் போகும் என்று மூடிய காரின் கூரையை வெட்டுவது. 2021 விதிப்படி விண்டேஜ் பதிவுக்குச் சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். வெட்டிய கூரைக்கு மனு போட்டால் என்ன பதில் வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

குறையும் சாமான்களுக்கு ஒரே அளவுகோல் கிடையாது. ஃபோர்டு டி, ஏ, ஆஸ்டின் செவன் ஆகியவற்றுக்கு வெளிநாட்டில் இன்றும் புதிதாகப் பாகங்கள் செய்கிறார்கள். நாலு சாமான் இல்லையென்றாலும் பரவாயில்லை. அரிய கம்பெனிக் காரில் ரேடியேட்டர் முகப்போ மீட்டரோ இல்லையென்றால் கதை வேறு. அதனால் ஷெட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று பித்தளைத் துண்டு, உடைந்த விளக்கு எதையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வண்டியோடு வையுங்கள்.

சரி, தாள்கள். ஆர்.சி. இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வைத்துப் படிவம் 31-ல் முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஐந்து பேரில் ஒருவர் கையெழுத்து போடாமல் நின்றுபோன பேரங்கள் உண்டு. விண்டேஜ் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதிதாகப் பதிபவர்களுக்கு ‘விஏ’ வரிசையில் எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய சென்னை மாகாண எண்ணுக்கே ஒரு மவுசு உண்டு, விட்டுவிடாதீர்கள். இந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். விற்றால் 90 நாளுக்குள் இருவரும் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

வருமான வரியையும் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். சொந்த உபயோகக் காரை விற்ற லாபத்துக்கு வரி இல்லை என்பது பொதுவான நம்பிக்கை. 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931 ஃபோர்டு டூரர் (திறந்த கார்) ஒன்றை 21 லட்சத்துக்கு விற்ற ஒருவரும் அதைத்தான் சொன்னார். அந்தக் காரைச் சொந்தமாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்று, மும்பை உயர் நீதிமன்றம் 2025-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

வாங்க வருபவருக்கு ஓட்டிக் காட்டுகிறேன் என்று பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை 6 வோல்ட், இன்றைய 12 வோல்ட் பேட்டரி விளக்குகளை எரித்துவிடும். இன்று பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய கார்புரேட்டரில் அரக்கு பூசிய தக்கை மிதவை இருந்தால் அரக்கைக் கரைத்துவிடும். பழைய பெட்ரோலை வடித்து, பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஹேண்டிலால் கையில் மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் போதும். சுற்றினால் நல்லது. இறுகியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மலையிலிருந்து இறக்கும்போது கம்பி பிரேக்கை நம்பி ஓட்டிக்கொண்டு வராமல், வண்டி முழுதாக ஏறி நிற்கும் ரெக்கவரி வேனாகப் பிடியுங்கள். வண்டியைப் பிடித்துக் கட்டும் பெல்ட்டை ஆக்சிலில் கட்டச் சொல்லுங்கள், பம்பரிலோ மட்கார்டிலோ வேண்டாம்.