முக்கூற்று முடிவா, நியாயத்தொடையா?

கொடுத்த கூற்றுகளைப் பிணைத்து அவற்றிலிருந்து ஒரு முடிவைப் பெறும் வாதத்தைச் சிலோஜிஸ்ம் என்று பிரெஞ்சில் சொன்னால் மொரீஷியசுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. அதற்குத் தமிழ் கேட்டால் ‘முக்கூற்று முடிவு’ என்கிறார்கள். தமிழ்நாட்டுப் போட்டித்தேர்வு நூல்களிலும் காணொளிகளிலும் இருந்து எங்கள் மாலை வகுப்புகளில் வந்து ஒட்டிக்கொண்ட சொல் அது. இந்த ஆண்டுப் பயிற்சித்தாளிலும் அதுவே தலைப்பாக இருந்தது.

மூலம் கிரேக்கம்: சில்லோகிஸ்மோஸ். சேர்த்துக் கணக்கிடுதல் என்று பொருள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இதை முறைப்படுத்தினார். சொல் லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்தது.

‘முக்கூற்று முடிவு’ எங்கே இடறுகிறது? முதலில், அது முடிவுக்குப் பெயர் வைக்கிறது. நாம் பேசுவதோ முழு வாதத்தை. இரண்டாவது, பிள்ளையை எண்ண வைக்கிறது. வினாவில் இரண்டு கூற்றுகள் இருந்தால் மூன்றாவது எங்கே என்று தேடுகிறான். தேர்வுத்தாளில் மூன்று, நான்கு கூற்றுகள் கொடுத்துவிட்டால் இது வேறு பாடம் என்று நினைக்கிறான். எண்ண வேண்டியது கூற்றுகளை அல்ல, அவற்றுள் ‘காவடி எடுப்பவர்’ என்பது போல வரும் பதங்களை. காவடி எடுப்பவர் எல்லாரும் விரதம் இருப்பவர். விரதம் இருப்பவர் எவரும் மீன் உண்பதில்லை. ஆகவே காவடி எடுப்பவர் எவரும் மீன் உண்பதில்லை. ‘விரதம் இருப்பவர்’ என்ற நடுப்பதம் இரண்டு கூற்றிலும் நின்று மற்ற இரண்டையும் பிணைத்துவிட்டு, முடிவில் காணாமல் போகிறது. வாதத்தின் உயிரே அதுதான். ‘காவடி எடுப்பவர் எல்லாரும் விரதம் இருப்பவர்; பாட்டியும் விரதம் இருப்பவர்; ஆகவே பாட்டி காவடி எடுப்பவர்’ என்றாலும் கூற்று மூன்றுதான். ஆனால் பிணைப்பு இல்லை. விரதம் இருப்பவர் எல்லாரும் காவடி எடுப்பதாக யார் சொன்னது?

எண்ணிக்கை மாறக்கூடியது என்பதற்கு மணிமேகலையே சான்று. தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதையில் பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என்று ஐந்து உறுப்பு வருகிறது. மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. பின்னிரண்டும் திட்டாந்தத்திலே அடங்கும் என்று அங்கேயே மூன்றாகச் சுருங்கிவிடுகிறது. ஐந்தானாலும் மூன்றானாலும் புகைதான் மலையை நெருப்போடு சேர்க்கிறது.

அதனால்தான் இலங்கையின் அளவையியல் (தர்க்கம்) பாடநூல்கள் ஆளும் ‘நியாயத்தொடை’ எனக்கு உகந்த சொல். தொடை என்றால் தொடுத்தது. மோனைத்தொடை, எதுகைத்தொடை படித்த பிள்ளைக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டாம். அங்கே முடிவுக்கு அடிப்படையாக முன்வைக்கும் கூற்றுக்கு ‘எடுகூற்று’ என்கிறார்கள். அதுவும் நல்ல சொல். நியாயம் வடசொல் ஆயிற்றே என்பவர்கள் ‘அளவைத்தொடை’ என்று சொல்லட்டும், எனக்குச் சம்மதம். தொடையை மட்டும் விடக்கூடாது. நியாயம் என்றால் நேர்மை என்று குழம்புவார்கள் என்பது இன்னொரு மறுப்பு. ‘நியாயம் பேசுகிறான்’ என்று வீட்டில் சொல்கிறோமே, அது காரணம் காட்டிப் பேசுவதைத்தானே?

சரி, தலைப்புச் சொல்லாவது ஒன்று. உள்ளே வாக்கியங்களை மொழிபெயர்ப்பவர்கள் செய்வது இன்னும் மோசம். மீன்களில் ஒன்றுகூடப் பறவை இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘எல்லா மீன்களும் பறவைகள் அல்ல’ என்று எழுதுகிறார்கள். இதைச் சில மீன்கள் பறவைகளாக இருக்கலாம் என்றும் படிக்க முடியும். அப்படிப் படித்த பிள்ளை சரியாக யோசித்தும் மதிப்பெண்ணை இழக்கிறது. ‘எந்த மீனும் பறவை அன்று’ என்று எழுதினால் ஐயமே இல்லை. ‘சில’வும் அப்படித்தான். பேச்சில் சில என்றால் எல்லாம் இல்லை என்று ஆகிவிடும். அளவையியலில் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். இதைத் தாளின் தலையிலேயே ஒரு வரியில் எழுதிவிடலாம். எங்கள் வகுப்புத் தாளில் அந்த வரியை நான் சேர்த்துவிட்டேன், தலைப்பையும் நியாயத்தொடை என்று மாற்றிவிட்டேன்.