நம்பர் பிளேட் திருடு போனால்: வேலூர் வண்டிக்காரர்களுக்கு

காலையில் காட்பாடி ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டு ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போகிறவர், ராத்திரி வந்ததும் வண்டி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். நம்பர் பிளேட் கண்ணில் படாது. அதைக் கழற்றியவனுக்கு வேண்டியது தகடு இல்லை, உங்கள் டிஎன் 23 எண். அதை வேறு வண்டியில் மாட்டிக்கொண்டு அவன் சிக்னலைத் தாண்டினாலும் ஆளை இடித்தாலும், கேள்வி முதலில் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

இதைத் தடுக்க வந்ததுதான் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு இது கட்டாயம். ஷோரூமிலேயே மாட்டித் தர வேண்டும். அலுமினியத் தகடு, இடப்பக்கம் மேலே அசோகச் சக்கர ஹோலோகிராம், கீழே லேசரில் பொறித்த தனி எண். இதன் உயிர் ஸ்னாப் லாக்கில் இருக்கிறது. திருகிக் கழற்ற முடியாது, உடைத்தால்தான் வரும். உடைந்ததைத் திரும்ப மாட்ட முடியாது. பம்பர் வேலை முடிந்ததும் மெக்கானிக் சாதா ஸ்க்ரூ போட்டுக் கொடுத்தால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஸ்க்ரூ திருடனுக்குத் திறந்துவிட்ட கதவு. காருக்கு முன்கண்ணாடியில் இன்ஜின், சேஸிஸ் எண்ணோடு மூன்றாவது பிளேட்டாக ஒரு ஸ்டிக்கரும் உண்டு, உரித்தால் கிழிந்துவிடும். பழைய வண்டிக்காரர்கள் ஸ்க்ரூவுக்குப் பதில் ரிவிட் அடித்துக்கொள்வது நல்லது.

பிளேட் போய்விட்டதா? அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷன் போங்கள். இதைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணில் எது நடந்தாலும், நீங்கள் புகார் கொடுத்த தேதியும் நேரமும்தான் உங்களுக்குச் சாட்சி. “இது எங்கள் எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்பக் கூடாது; 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. எஃப்ஐஆர் போட்டால் நகல் இலவசம். எஃப்ஐஆர் போடாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

அவசரத்துக்கு ஸ்டிக்கர் கடையில் எழுதி மாட்டுவது தீர்வாகாது. ஆர்சி, புகார் நகலோடு உங்கள் வண்டி கம்பெனி டீலரிடம் புது பிளேட் கேளுங்கள். பதிவெண் மாறாது, லேசர் எண் மாறும். பரிவாஹன் இணையதளத்தில் உங்கள் எண்ணுக்குச் சலான் ஏதும் விழுந்திருக்கிறதா என்று சில மாதம் பார்த்து வாருங்கள்.

புகாரில் பழைய லேசர் எண்ணையும் எழுதுவது நல்லது. பிளேட் போன பிறகு அதை எங்கே போய்ப் பார்ப்பது? இன்றைக்கே முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள்.