யாருடைய வருமானம் முதலில் நிற்கும்?

அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் 1994-இல் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது ஆகஸ்ட் 12 அன்று. அந்தத் தேதியை வீரர்கள் சங்கம் கணக்குப் போட்டுத்தான் குறித்தது. வீரர்களின் சம்பளம் சீசன் நடக்கும் மாதங்களில் தவணையாக வரும். ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வந்துவிடும். அணி உரிமையாளர்களுக்கோ தொலைக்காட்சி வருமானத்தின் கொழுத்த பகுதி அக்டோபர் இறுதிச்சுற்றுகளில்தான் இருக்கிறது. ஊதிய உச்சவரம்பை, அதாவது ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கான எல்லையை, ஏற்கவே முடியாது என்று நின்ற வீரர்கள், எதிராளியின் அறுவடைக்குச் சற்று முன்பு மட்டையைக் கீழே வைத்தார்கள். பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் அந்த ஆண்டு ரத்தானது.

இதற்குப் பின்னால் உள்ள தர்க்கத்தைப் பொருளியலாளர் ஏரியல் ரூபின்ஸ்டீன் 1982-இல் கணிதமாக எழுதினார். இருவர் மாறி மாறி விலை சொல்கிறார்கள். தாமதம் ஆக ஆக இருவருக்கும் இழப்பு. இதில் பொறுமை அதிகம் உள்ளவருக்கே பெரிய பங்கு. எதிராளியின் பொறுமையின் அளவு இருவருக்கும் தெரிந்திருந்தால், முதல் பேச்சிலேயே உடன்பாடு வந்துவிடும் என்பதும் அந்தக் கணக்கின் முடிவுதான். நிஜத்தில் அது தெரிவதில்லை. "எங்களால் ஓராண்டு தாங்க முடியும்" என்று எவரும் சொல்லலாம். தாங்கிக் காட்டினால்தான் நம்புவார்கள். இரு தரப்புக்கும் நட்டம் என்று தெரிந்தும் சீசன்கள் பாழாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே பாதி வேலை பேச்சுவார்த்தை மேசைக்கு வரும் முன்பே நடக்கிறது. 1994-க்கு முன்பே பேஸ்பால் சங்கம் வீரர் படங்கள் அச்சிட்ட அட்டைகளின் உரிமத் தொகையைப் போராட்ட நிதியாகச் சேர்த்து வைத்தது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் இன்னும் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. 2011-இல் ஆட்டமே நடக்காவிட்டாலும் சுமார் 400 கோடி டாலர் கிடைக்கும்படி தொலைக்காட்சி நிறுவனங்களுடன் ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்த ஆண்டு மார்ச் 1 அன்று நீதிபதி டேவிட் டோட்டி, வீரர்களின் நலனைப் புறக்கணித்த ஏற்பாடு இது என்று தீர்ப்பளித்தார். பதினோரே நாள் கழித்து உரிமையாளர்கள் கதவடைப்பைத் தொடங்கினார்கள், ஆனால் எதிர்பார்த்த அந்தப் பணம் கேள்விக்குறியாகிவிட்டது. ஜூலையில் உடன்பாடு, பறிபோனது சீசனுக்கு முந்தைய ஒரே ஓர் ஆட்டம்.

கதவடைப்பு உரிமையாளர்களின் ஆயுதம். நாள் குறிக்கும் அதிகாரத்தை அது அவர்கள் பக்கம் மாற்றிவிடுகிறது. விளையாட்டு வாழ்க்கை சில ஆண்டுகளே நீடிக்கும் என்பதால், இழந்த சீசன் வீரருக்குத் திரும்பாது. அணியை முப்பது ஆண்டு வைத்திருப்பவருக்கு அது ஒரு மோசமான ஆண்டு, அவ்வளவே. பனி ஹாக்கி லீக்கான என்எச்எல் 2004-இல் கதவை மூடியபோது, முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஐரோப்பிய அணிகளுக்கு ஆடப் போனார்கள். உச்சவரம்பைத் தவிர்ப்பதற்காகச் சம்பளத்தில் 24 விழுக்காட்டை விட்டுத்தர டிசம்பரில் சங்கமே முன்வந்தது. அடுத்த ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அந்த 24 விழுக்காட்டு வெட்டும் இருந்தது, 3.9 கோடி டாலர் உச்சவரம்பும் இருந்தது. விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

தனி வீரரின் சம்பளத் தகராறுக்கு பேஸ்பாலில் 1974 முதல் வேறொரு வழி இருக்கிறது. வீரர் ஒரு தொகை எழுதுகிறார், அணி ஒரு தொகை எழுதுகிறது. தகராறைத் தீர்க்கும் நடுவர் இரண்டில் ஒன்றை அப்படியே எடுக்க வேண்டும். இடைப்பட்ட தொகையைச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. பேராசையாக எழுதினால் மற்றவரின் தொகை வென்றுவிடும் என்ற பயத்தில் இருவரும் தாமாகவே நெருங்கி வருகிறார்கள். பெரும்பாலான வழக்குகள் விசாரணை அறைக்கு வருவதற்குள் முடிந்துவிடுகின்றன.