தட்டில் போட்டால் ‘டங்’: கடலை மிட்டாய்ப் பாகின் அறிவியல்

பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க நம் சமையலறைகளில் யாரும் வெப்பமானியைத் தேடுவதில்லை. கிண்ணத்துப் பச்சைத் தண்ணீரில் பாகை ஒரு சொட்டு விட்டு, விரலால் திரட்டி, எவர்சில்வர் தட்டில் போட்டுப் பார்ப்பார்கள். ‘டங்’ என்று சத்தம் கேட்டால் கடலையைக் கொட்டலாம். சொத்தென்று விழுந்து ஒட்டிக்கொண்டால் இன்னும் கொதிக்க வேண்டும். வெல்லம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். இந்தச் சத்தத்தில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்கும்போது பாகு வெறுமனே கெட்டியாகவில்லை, கண்ணாடியாகவே மாறியிருக்கிறது.

முதலில் கொதிப்பதைப் பார்ப்போம். வெல்லத்தைக் கரைத்து அடுப்பில் வைத்தால் முக்கியமாக நடப்பது தண்ணீர் வெளியேறுவதுதான். வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். சர்க்கரை கரைந்திருந்தால் கொதிநிலை ஏறும்; சர்க்கரையின் பங்கு கூடக் கூட இன்னும் ஏறும். கரைசலில் 80 சதவீதம் சர்க்கரை இருக்கும்போது சுமார் 112 டிகிரி, 90 சதவீதம் ஆகும்போது சுமார் 123, 98 சதவீதத்தைத் தாண்டும்போது 150 டிகிரியை ஒட்டி. ஆகவே கம்பிப் பதம், உருட்டுப் பதம், உடையும் பதம் என்பவை எல்லாம் பாகில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதன் கணக்குகளே. அதிரசத்துக்கு உருட்டுப் பதம் போதும். கடலை மிட்டாய்க்கு உடையும் பதம் வர வேண்டும். அதாவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு தண்ணீர்தான் மிஞ்சியிருக்க வேண்டும்.

இந்த வெப்ப ஏற்றம் சீரானது அல்ல. தொடக்கத்தில் அடுப்பின் வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. பாகு நெடுநேரம் 105 டிகிரி பக்கத்திலேயே நின்று நம் பொறுமையைச் சோதிக்கும். கடைசியில் ஆவியாகத் தண்ணீர் இல்லை. அதே தீ, அதே பாத்திரம், ஆனால் வெப்பநிலை ஓட ஆரம்பித்துவிடும். பதத்துக்கும் கருகலுக்கும் நடுவே ஒரு நிமிடம்கூடக் கிடைக்காமல் போவது இதனால்தான். செல்போனில் பேசிக்கொண்டே பாகு காய்ச்சுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும். கருகல் ஒரு பக்கம் இருக்கட்டும், 150 டிகிரிப் பாகு தோலில் பட்டால் கொதிநீர்போல வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு சுடும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். சர்க்கரைக்கு இயல்பாகப் பிடித்தது படிக நிலை. மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி நிற்கும் நிலை அது. கற்கண்டு செய்கிறவர்கள் செறிவான கரைசலை நாள்கணக்கில் அசையாமல் விட்டுவைப்பது, மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து தன் இடத்தில் உட்கார அவகாசம் கொடுப்பதற்காகத்தான். கடலை மிட்டாயில் நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். கொதிக்கும் பாகில் தண்ணீர் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. வெளியே எடுத்தவுடன் வேகமாக ஆறுகிறது. ஆற ஆறப் பாகின் இழுவை, அதாவது ஓட மறுக்கும் தன்மை, பல மடங்காகப் பெருகுகிறது. ரேஷன் கடை முன் முண்டியடித்த கூட்டம், வரிசை கட்டுவதற்கு முன்பே அப்படி அப்படியே உறைந்துபோனால் எப்படி இருக்குமோ, அப்படி மூலக்கூறுகள் தாறுமாறாகச் சிக்கிக்கொள்கின்றன. திடப்பொருள்தான், ஆனால் படிகம் இல்லை. ஜன்னல் கண்ணாடியும் இதே வகை.

இந்த ஒழுங்கின்மைதான் மொறுமொறுப்பைத் தருகிறது. வளைந்து கொடுக்க முடியாத கண்ணாடி, பல்லுக்கு இடையில் அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று விரிசல் விட்டு உடைகிறது. அந்த விரிசல் ஓடும் சத்தத்தைத்தான் காது ‘மொறுக்’ என்று கேட்கிறது.

ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு வெப்பநிலை எல்லை உண்டு. அதற்குக் கீழே உடையும். மேலே ரப்பர்போல இழுபடும். நாம் சீனி என்று வாங்கும் சுக்ரோஸ் ஈரமே இல்லாதபோது இந்த எல்லை 60 முதல் 70 டிகிரி. அதில் ஒரு சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் எல்லை ஏறத்தாழ 10 டிகிரி இறங்கிவிடுகிறது. மூன்று சதவீதம் சேர்ந்தால் முப்பது டிகிரியைச் சற்றுத் தாண்டிய இடத்தில் வந்து நிற்கும். நம் ஊரில் அது சாதாரணப் பகல் வெப்பம். விடியற்காலையில் நறுக்கென்று உடைந்த மிட்டாய் மதியம் பல்லில் இழுபடுவதற்கு விளக்கம் இவ்வளவுதான். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் தண்ணீர் தங்கிவிடக் கூடாது என்பதற்காகவே பாகை அவ்வளவு தூரம் காய்ச்சுகிறோம்.

தட்டுச் சோதனையின் அருமையும் இங்கேதான் தெரிகிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். பாகின் பதங்களும் அதே அளவுக்குக் கீழே இறங்கும். சமவெளிக்காரர் எழுதிய வெப்பநிலையை நம்பி அங்கே பாகு காய்ச்சினால் முற்றிப்போகும். தண்ணீரில் விட்ட சொட்டுக்கு மலை, சமவெளி என்ற வேறுபாடு இல்லை. பாகு ஆறிய பிறகு கண்ணாடியாகுமா என்பதை அது நேராகவே ஆற்றிக் காட்டிவிடுகிறது.

சரி, ஏன் வெல்லம்? வெறும் சீனியில் செய்து பார்த்தவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும்: பாகு நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது, கரண்டியால் நாலு முறை கிண்டியதும் திடீரென்று வெள்ளையாகப் பூத்து மணல்போல ஆகிவிட்டது. எல்லாம் ஒரே வகை மூலக்கூறு என்பதால் சுக்ரோஸ் வாய்ப்புக் கிடைத்தவுடன் அடுக்கிக்கொள்ளத் தொடங்கிவிடும். பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிய ஒரு சீனித் துணுக்கு விழுந்தாலும் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றவை வளரும். எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுவது இதற்கான வைத்தியம். அமிலம் சுக்ரோஸில் ஒரு பகுதியை உடைத்து குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக்குகிறது. அளவும் வடிவமும் வேறான இவை நடுவில் புகுந்து அடுக்கைக் கெடுக்கின்றன.

வெல்லத்தில் இந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. கரும்புச்சாற்றின் லேசான அமிலமும் ஆலைக் கொப்பரையின் நெடுநேரக் கொதிப்பும் சேர்ந்து சுக்ரோஸின் ஒரு பங்கை உடைத்துவிடுகின்றன. அதோடு தாது உப்புகளும் புரதத் துணுக்குகளும் இருக்கின்றன. சர்க்கரை ஆலைக்காரர் கண்ணுக்கு இவை எல்லாம் நீக்கப்பட வேண்டிய அழுக்கு. மிட்டாய்க்காரருக்கு இந்த அழுக்குதான் காவல். படிகம் கட்டவிடாமல் பாகைக் கண்ணாடியாகவே நிறுத்துவது இதுதான். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் புரதத் துணுக்குகளோடு வினைபுரிந்து செம்பழுப்பு நிறத்தையும் அந்த ஆழ்ந்த வாசனையையும் கொடுப்பதும் இதனால்தான்.

ஆனால் காவல்காரரே திருடராகவும் மாறுவார். குளுக்கோஸ் கண்ணாடியின் எல்லை வெறும் 31 டிகிரி. ஃப்ரக்டோஸுக்கு 5 டிகிரியை ஒட்டி. இவை கூடக் கூட மிட்டாயின் மொத்த எல்லையும் இறங்கும். ஈரத்தை இழுப்பதிலும் ஃப்ரக்டோஸ் பொல்லாதது. சீனிப் படிகம் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் வரை தாக்குப்பிடிக்கும். ஃப்ரக்டோஸ் படிகம் 60 சதவீதத்தைத் தாண்டியதுமே கசியத் தொடங்கிவிடும். எனவே புளிப்பேறிய பழைய வெல்லம், அளவுக்கு மீறிய தண்ணீர், சிறு தீயில் மணிக்கணக்கான காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் சுக்ரோஸ் மேலும் மேலும் உடைந்து, எவ்வளவு முற்ற வைத்தாலும் பிசுபிசுக்கும் மிட்டாய்தான் கிடைக்கும். வெல்லம் கரையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மண்ணும் சக்கையும் போக வடிகட்டி, பிறகு நல்ல தீயில் விரைவாகக் காய்ச்சுவதே சரி.

கோவில்பட்டியைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அந்த ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் ஓர் ஐயம் உண்டு. ஊற்றும் தண்ணீரில் ஏறத்தாழ எல்லாமே ஆவியாகிப் போகிறது. அதில் கரைந்திருந்த உப்புகள் மட்டுமே மிட்டாயில் தங்கும். கடும் உப்புத் தண்ணீராக இருந்தால் சுவை மாறும், ஆற்று நீர் அதைத் தவிர்க்கிறது என்ற அளவில் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கரிசல் காட்டின் கடலையையும், ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் அந்தக் காற்றையும் நான் முதலில் வைப்பேன். கண்ணாடிக்கு உகந்த காற்று அது.

கடலையின் பங்கும் சிறியது அல்ல. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். காய்ந்த பச்சைக் கடலையிலும் ஆறேழு சதவீத ஈரம் இருக்கும். வறுபடும்போது அது ஒன்றிரண்டு சதவீதமாகக் குறைகிறது. வறுக்காமல் சேர்த்தால் அந்த ஈரம் மெல்ல வெளியேறிப் பாகை உள்ளிருந்தே நமக்கச் செய்துவிடும். ஈரம் போன பிறகே கடலைக்குள் வெப்பம் ஏறி, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பைரசீன் என்ற சேர்மங்கள் உண்டாகின்றன. தெருமுனையை எட்டும் அந்த வறுகடலை வாசனை பெருமளவு இவற்றுடையது. மணலில் வறுப்பதன் நன்மை, சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி படுவது. வாணலியில் என்றால் தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வறுப்பதற்கு முன் சுருங்கியவை, நிறம் மாறியவை, பூஞ்சை பிடித்தவை எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாக அழியாது.

தோலையும் புடைத்து நீக்க வேண்டும். துவர்ப்பு ஒரு காரணம். அதைவிட, தளர்ந்த தோலின் மேல் பாகு ஒட்டினால் அது தோலைத்தான் பிடித்திருக்கும், பருப்பை அல்ல. கடிக்கும்போது கடலை தனியே கழன்று விழும்.

கடலையைப் பாகில் கொட்டும்போது அது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆறிய கடலை பாகின் சூட்டை ஒரே நொடியில் பறித்துக்கொள்ளும். பாகு எல்லாக் கடலை மேலும் பரவும் முன்பே கட்டிதட்டிவிடும். கடலையின் எடையில் பாதி வெல்லம் என்பது நல்ல கணக்கு. கொட்டிக் கிளறி, எண்ணெய் தடவிய தட்டில் சாய்த்து, கட்டையால் உருட்டிச் சமப்படுத்தி, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். அப்போது பாகு இழுபடும் நிலையில் இருக்கிறது, கத்தி போன வழியில் பிரியும். முழுக்க ஆறிய பிறகு வெட்டினால் விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடும். துண்டுக்குப் பதில் தூள்தான் மிஞ்சும்.

சிலர் கடைசியில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா சேர்ப்பார்கள். அது வெல்லத்தின் அமிலத்தோடும் சூட்டோடும் வினைபுரிந்து கரியமில வாயுவை விடுகிறது. நுண்குமிழிகள் சிக்கிக்கொள்வதால் பாகு பல்லுக்கு எளிதாக நொறுங்கும், நிறமும் கறுக்கும். எனக்குக் குமிழி இல்லாத கெட்டி மிட்டாய்தான் பிடிக்கும். பல் உறுதியாக இல்லாதவர்கள் சோடா சேர்த்துக்கொள்ளலாம்.

பூத்துப்போன பாகும் எல்லா இடத்திலும் தோல்வி அல்ல. ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளில் செம்புப் பாத்திரத்தில் பாதாமைச் சீனிப் பாகோடு விடாமல் கிண்டுவார்கள். நோக்கமே படிகம் கட்டவைப்பதுதான். மணல்போலப் பூத்து ஒவ்வொரு பாதாமையும் மூடிய பிறகு, மறுபடி சூடேற்றி மேல்பரப்பை மட்டும் லேசாக உருக்கி மினுமினுக்க வைப்பார்கள். வீட்டில் முந்திரியிலும் இதைச் செய்யலாம். சொரசொரப்பாக இருக்கும், படிகம் என்பதால் மழைநாளிலும் அவ்வளவு சீக்கிரம் பிசுபிசுக்காது.

கடலை மிட்டாய் அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திறந்த தட்டில் வைத்தால் ஓர் இரவில் மேற்பரப்பு ஈரத்தை உறிஞ்சி நமத்துவிடும். முழுக்க ஆறியவுடன், ஆறும் முன்னால் அல்ல, காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பது வீண்; வெளியே எடுத்துத் திறந்தவுடன் காற்றின் ஈரம் குளிர்ந்த மிட்டாயின் மேல் நீர்த்துளியாகப் படியும். நன்றாக மூடிய பாகு கடலைக்கும் ஓர் உபகாரம் செய்கிறது: காற்றின் ஆக்சிஜன் எளிதில் உள்ளே போக முடியாததால், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தாமதமாகிறது.

பதம் தவறி இளகலாக இறக்கிவிட்டால் அதைக் குப்பையில் போட வேண்டியதில்லை. கடலையோடு சேர்த்தே அடிகனமான வாணலியில் போட்டு, மிகச் சிறு தீயில் கிளறினால் மிச்சத் தண்ணீரும் வெளியேறும். கடலை ஏற்கெனவே வறுபட்டது என்பதால் கருகும் வாசனைக்கு மூக்கைத் தயாராக வைத்துக்கொண்டு, மறுபடி ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து இறக்கலாம். முற்றிக் கருகிய பாகுக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீர் விட்டால் கரையும், ஆனால் கசப்பு போகாது.